நிரைவாரி வீச்சு தவறாக வருகிறதா? அறிகுறியைப் பிடித்துப் பிழையைத் தேடுவோம்

ஒரு நிரையின் மிகப்பெரிய எண்ணிலிருந்து மிகச்சிறிய எண்ணைக் கழித்தால் வீச்சு. பள்ளிப் புத்தகத்தில் ஒரே வரியில் முடிந்துவிடுகிற சூத்திரம்தான். இதில் என்ன பிழை வந்துவிடப்போகிறது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். சராசரியோடு ஒப்பிட்டால் விவரம் புரியும். நூறு எண்களில் ஒன்று கெட்டுப்போனால் சராசரி கொஞ்சம் நகரும், அவ்வளவுதான். வீச்சு அப்படியல்ல. அது பார்ப்பது இரண்டே எண்களை, இரு கோடிகளில் நிற்பவற்றை. கெட்டுப்போன எண் பெரும்பாலும் போய் நிற்கும் இடமும் அந்தக் கோடிதான். அதனால் அட்டவணையில் எங்கே அழுக்கு இருந்தாலும் வீச்சு அதைத் தேடிப்போய் எடுத்துவரும்.

இந்தக் கணக்கு நாள்தோறும் நடக்கும் இடம் தொழிற்சாலைகளின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு. அமெரிக்கப் பொறியாளர் வால்டர் ஷூஹார்ட், பெல் குழுமத்தின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் 1924ஆம் ஆண்டு மே மாதம் வரைந்து காட்டிய கட்டுப்பாட்டு வரைபடத்தின் வழிவந்த முறை இன்றும் அங்கே நடப்பில் இருக்கிறது. மணிக்கு ஒருமுறை ஐந்து துண்டுகளை எடுத்து அளப்பார்கள். ஐந்து அளவுகளும் ஒரு நிரை. அந்த நிரையின் வீச்சு, வரைபடத்தில் ஒரு புள்ளி. நானும் அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்: 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஷாஃப்ட் (உருளைத் தண்டு), 25 நிரைகள், 5 நிரல்கள்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. பாடநூல் வழக்கப்படி நிரை என்பது இடமிருந்து வலம், நிரல் என்பது மேலிருந்து கீழ். கணினித் தமிழில் நிரல் என்றால் புரோகிராம் என்றும் ஒரு பொருள் இருக்கிறது. குழப்பம் வேண்டாமென்று அதை இங்கே புரோகிராம் என்றே எழுதுகிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பைத்தான் 3இல் மாறிகளின் பெயரை மட்டும் தமிழிலேயே வைக்கலாம், அது ஏற்றுக்கொள்ளும்.

எதையும் தேடுவதற்கு முன்னால், கையால் கணக்கிட்ட மூன்று நிரைகளைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையவை இவை:

முதல் நிரை: 25.012, 25.007, 25.015, 25.009, 25.011. வீச்சு 0.008.
இரண்டாம் நிரை: 25.004, 25.019, 25.010, 25.013, 25.008. வீச்சு 0.015.
மூன்றாம் நிரை: 25.010 ஐந்து முறை. வீச்சு 0.

25 விடைகள் வரவேண்டும், 5 விடைகள் வருகின்றன

நிரைக்குப் பதிலாக நிரல்வாரியாகக் கணக்கிட்டுவிட்டது. பைத்தானின் அட்டவணைத் தொகுப்பான பாண்டாஸில் மேக்ஸ் (மிகப்பெரியது), மின் (மிகச்சிறியது) இரண்டும் எதுவும் சொல்லாவிட்டால் நிரல்வாரியாகத்தான் போகும். நிரைக்கு ஒன்று வேண்டுமென்றால் இப்படி எழுத வேண்டும்:

வீச்சு = அளவு.மேக்ஸ்(ஆக்சிஸ்=1) − அளவு.மின்(ஆக்சிஸ்=1)

இதில் ‘அளவு’ என்பது அட்டவணையின் பெயர், ஆக்சிஸ் என்பது திசை. ஆக்சிஸ் எண்ணை மனப்பாடம் செய்யாதீர்கள், மறந்துபோகும். எந்தத் திசை மடங்கி மறைகிறதோ அதன் எண் அது என்று நினைத்துக்கொள்ளுங்கள். பைத்தானில் எண்ணிக்கை 0இல் தொடங்குவதால் நிரைத் திசை 0, நிரல் திசை 1. ஐந்து நிரல்களும் மடங்கி ஒன்றாக வேண்டும், ஆகவே 1. மேட்லாப் என்ற கணக்கு மென்பொருளும் மறைகிற திசையைத்தான் கேட்கும், ஆனால் 1இலிருந்து எண்ணும், அங்கே 2. புள்ளியியலுக்கான ஆர் மொழியின் அப்ளை கட்டளை நேர்மாறாக, எது மிஞ்ச வேண்டும் என்று கேட்கும். நிரை மிஞ்ச வேண்டும், அதனால் 1. பைத்தானிலும் ஆரிலும் எண் ஒன்றாக இருப்பது தற்செயல். காரணம் வேறு வேறு.

அட்டவணை சதுரமாக இருந்தால் இந்த அறிகுறியே தெரியாது. ஐந்துக்கு ஐந்து அணியில் எந்தப் பக்கம் மடித்தாலும் ஐந்து விடைகள்தான். சோதனைக்கு ஒருபோதும் சதுர அட்டவணையை எடுக்காதீர்கள்.

ஒரே ஒரு விடை வந்தால், பைத்தானின் எண் அணித் தொகுப்பான நம்பையில் ஆக்சிஸைச் சொல்லவே இல்லை என்று பொருள். அது முழு அணியையும் ஒரே குவியலாக எடுத்துக்கொண்டுவிட்டது. கூகுள் ஷீட்ஸில் அர்ரேஃபார்முலாவுக்குள் மேக்ஸை வைத்தாலும் இதேதான் நடக்கும். அங்கே பைரோ, லாம்டா இரண்டையும் சேர்த்துத்தான் நிரைவாரியாகப் போக முடியும். அல்லது பழைய முறையில் மேக்ஸ்(பி2:எஃப்2)−மின்(பி2:எஃப்2) என்று எழுதிக் கீழே இழுத்துவிடலாம். அதில் ஒரு குறையும் இல்லை.

விடை ஒரு எண் அல்ல, ஒரு அட்டவணை

இரண்டு நிரை, இருபத்தைந்து நிரல் கொண்ட அட்டவணை வந்தால் நீங்கள் ஆர் மொழியில் இருக்கிறீர்கள். அங்கே ரேஞ்ச் என்பது வீச்சைத் தராது. சிறியது, பெரியது என இரண்டு எண்களைத் தரும். அதை அப்ளைக்குள் போட்டால் ஒவ்வொரு நிரைக்கும் கிடைத்த இரண்டையும் நிரலாக நிற்கவைத்துவிடும். வீச்சு மட்டும் போதுமென்றால் டிஃப்(ரேஞ்ச்(எக்ஸ்)). இரண்டு எண்களுமே வேண்டுமென்றால் விடையை டி() கொண்டு திருப்பிப் போடுங்கள்.

மூல அட்டவணையின் அளவிலேயே இன்னொரு அட்டவணை வந்தால் மேட்லாப். மேக்ஸ்(ஏ,2) என்று எழுதியிருப்பீர்கள். அது ஒவ்வொரு கட்டத்தையும் 2 என்ற எண்ணோடு ஒப்பிட்டுப் பெரியதைத் தருகிறது. 25ஐ ஒட்டிய எண்கள் எல்லாமே 2ஐ விடப் பெரியவை, ஆகவே அட்டவணை மாறாமல் திரும்பி வரும். நடுவே ஒரு வெற்று அடைப்பு வேண்டும்: மேக்ஸ்(ஏ,[],2).

பைத்தானில் ரேஞ்ச் என்று எழுதி எரர் வாங்கியவர்களுக்கு: அந்தச் சொல் அங்கே எண்ணிக்கைக்கானது, வீச்சுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. நம்பையில் வீச்சின் பெயர் பீடிபி. அதிலும் ஒரு திருப்பம் உண்டு. அணி.பீடிபி() என்று புள்ளி வைத்து எழுதிய பழைய புரோகிராம்கள், 2024இல் வெளிவந்த நம்பை 2.0க்குப் பிறகு நின்றுவிடும். என்பி.பீடிபி(அணி, ஆக்சிஸ்=1) என்று மாற்றினால் ஓடும். என்பி என்பது நம்பைக்கு வழக்கமாக வைக்கும் சுருக்கப் பெயர்.

முதல் நிரைக்கு 24.015, அடுத்ததற்கு 23.019, அதற்கடுத்து 22.010

ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போகிறதா? வரிசை எண் நிரலும் கணக்கில் நுழைந்துவிட்டது. முதல் நிரையில் மிகச்சிறிய எண் 1, இரண்டாவதில் 2. இருபத்தைந்தாம் நிரைக்கு வரும்போது வரிசை எண் 25, அளவுகளும் 25ஐ ஒட்டியவை. அங்கே மட்டும் விடை கிட்டத்தட்டச் சரியாகத் தெரியும். கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துச் சரிபார்ப்பவர்கள் ஏமாறும் இடம் இது.

இதன் தம்பி ஒருவன் இருக்கிறான், அவன் இன்னும் பொல்லாதவன். புரோகிராமைத் துண்டு துண்டாக ஓட்டும் நோட்புக்கில் வீச்சைக் கணக்கிட்டு அதே அட்டவணையில் ‘வீச்சு’ என்று புதிய நிரலாகச் சேர்க்கிறீர்கள். விடை சரி. ஏதோ காரணத்துக்காக அதே கட்டளைத் துண்டை இரண்டாம் முறை ஓட்டுகிறீர்கள். இப்போது வீச்சு நிரலும் அட்டவணையின் உறுப்பு. முதல் நிரையில் மிகச்சிறிய எண் 0.008 ஆகிவிட்டது, 25.015இலிருந்து அதைக் கழித்தால் 25.007. பதறிப்போய் மூன்றாம் முறை ஓட்டுகிறீர்கள். மீண்டும் 0.008, சரியான விடை.

ஒரு நாள் முழுக்க இதில் தலையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். ஓட்டினால் தவறு, திரும்ப ஓட்டினால் சரி. கணினி ஏதோ மனநிலையில் இருக்கிறது என்றே நம்பத் தொடங்கிவிட்டேன். தாளில் போட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது: பெரியதிலிருந்து வீச்சைக் கழித்தால் கிடைப்பது சிறியதேதான். எனவே இரட்டைப்படை முறை ஓட்டும்போதெல்லாம் வீச்சு நிரலில் அந்த நிரையின் மிகச்சிறிய எண் வந்து உட்காரும். அடுத்த முறை அந்தச் சிறிய எண் இன்னொரு பிரதியாக நிரையில் இருப்பதால் கணக்கு கெடுவதில்லை, சரியான விடை திரும்பிவிடும். வீச்சு அளவுகளைவிடச் சிறியதாக இருக்கும்வரை இந்த ஊஞ்சல் ஆடிக்கொண்டே இருக்கும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்று. ‘அட்டவணையில் இருக்கும் எல்லா நிரலும்’ என்று ஒருபோதும் எழுதாதீர்கள். எந்த ஐந்து நிரல்கள் என்று பெயர் சொல்லிப் பட்டியலிடுங்கள்.

ஒருசில நிரைகளில் மட்டும் 25.015, 973.996, 9973.985 போன்ற பெரிய எண்

அளக்காத துண்டுக்கு யாரோ ஒரு குறி எண் போட்டிருக்கிறார்கள். வீச்சு 25ஐ ஒட்டி வந்தால் 0 போட்டிருக்கிறார்கள். 9999, 999 என்று போடுகிறவர்களும் உண்டு. முதல் நிரையில் ஒரு கட்டத்தில் 0 இருந்தால் 25.015 வரும், இரண்டாம் நிரையில் 999 இருந்தால் 999இலிருந்து 25.004 கழித்து 973.996 வரும். வீச்சோடு அந்த நிரையின் மிகச்சிறிய எண்ணைக் கூட்டிப் பாருங்கள், மிகப்பெரிய எண் வெளிப்பட்டுவிடும். அது உருண்டையான எண்ணாக இருந்தால் ஆள் அகப்பட்டார்.

வானிலைத் தரவில் வேலை செய்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. உலக அளவில் திரட்டப்படும் நிலையத் தரவுத் தொகுப்புகளில் இல்லாத மதிப்புக்கு −9999 போடும் வழக்கம் இருக்கிறது. கோப்பைப் படிக்கும்போதே அதை வெற்றாக மாற்றிவிட வேண்டும்; பாண்டாஸின் ரீட்_சிஎஸ்வியில் என்ஏ_வேல்யூஸ் என்ற இடம் அதற்காகவே இருக்கிறது. ஆனால் 0ஐ அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு வெற்றாக்க முடியாது. ஷாஃப்ட் விட்டம் 0 ஆக முடியாது, மழையளவு ஆகலாம். அட்டவணை எதைப் பற்றியது என்று தெரிந்தவர்தான் அந்த முடிவை எடுக்க வேண்டும்.

விடைக்குப் பதிலாக நேன் வருகிறது

எண் அல்ல என்பதைக் குறிக்கும் குறியைத் தமிழில் ‘நான்’ என்று எழுதினால் யார் அந்த நான் என்று கேள்வி வரும். அதனால் நேன். நம்பையில் ஒரு நிரையில் ஒரே ஒரு நேன் இருந்தாலும் மேக்ஸ், மின், பீடிபி எல்லாம் நேன் ஆகிவிடும். விட்டுவிட்டுக் கணக்கிட நேன்மேக்ஸ், நேன்மின் இருக்கின்றன. ஆரிலும் என்ஏ பரவும், என்ஏ.ஆர்எம் = ட்ரூ என்று சொன்னால் விலக்கிவிடும். பாண்டாஸும் மேட்லாபும் கேட்காமலே விலக்கிவிடும்.

பைத்தானின் சொந்த மேக்ஸ் கட்டளையை நேன் உள்ள பட்டியலில் ஓட்டாதீர்கள். நேன் முதலில் நின்றால் விடை நேன், பின்னால் நின்றால் அதைக் காணாததுபோல் வேறு எண் வரும். வரிசை மாறினால் விடை மாறும் மேக்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நிரை முழுவதும் வெற்றாக இருந்தால் நம்பை ஒரு எச்சரிக்கையோடு நேன் தரும். ஆர் எச்சரிக்கையோடு எதிர்மறை முடிவிலி தரும். அந்த ஒரு நிரை போதும், பிறகு போடும் சராசரியும் முடிவிலியாகிவிடும்.

தரவுத்தளத்தில் நேராகக் கணக்கிடுபவர்கள் கிரேட்டஸ்ட், லீஸ்ட் பயன்படுத்துவார்கள். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ஒரு நல் (வெற்று மதிப்பு) இருந்தால் விடையும் நல். போஸ்ட்கிரெஸ் நல்லை விட்டுவிடும். அதே வினவலை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியவர் எந்த எரரும் இல்லாமல் வேறு விடை பெறுவது இதனால்தான்.

வீச்சு எதிர்மறையாக வருகிறது

வீச்சு ஒருபோதும் எதிர்மறை ஆகாது. ஆகவே இது நல்ல அறிகுறி, தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறது. சேமிப்பு வகை சிறியது, கழித்த விடை அதில் அடங்கவில்லை. 16 பிட் முழு எண் −32768 முதல் 32767 வரைதான் தாங்கும். ஒரு சென்சார் நிரையில் −20000, 20000 இரண்டும் இருந்தால் வீச்சு 40000. அது அடங்காமல் சுற்றிக்கொண்டு −25536 ஆக வரும். நம்பையின் பீடிபி மூலத் தரவின் வகையை அப்படியே வைத்துக்கொள்ளும் என்பதால் இது நடக்கிறது. கழிப்பதற்கு முன்னால் 64 பிட்டுக்கு மாற்றிவிடுங்கள்; கழித்த பிறகு மாற்றிப் பயனில்லை.

மேட்லாபில் எதிர்மறை வராது, 32767இலேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும். இதுதான் எனக்கு அதிகம் பயம் தருவது. நிரைக்கு நிரை ஒரே எண் வந்தால், அது 255, 127, 32767 ஆகியவற்றில் ஒன்றா என்று பாருங்கள்.

எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட முடியாது என்று எரர், அல்லது எரரே இல்லாமல் விசித்திர விடை

எரர் வந்தால் அதிர்ஷ்டம். பாண்டாஸ் 2.0க்கு முன்னால், எழுத்து நிரல்களைத் தானே ஓசையின்றி விலக்கும் பழக்கம் இருந்தது. 2023இல் அது மாறியது, இப்போது எரர் எழுப்புகிறது. பழைய புரோகிராம் புதிய கணினியில் ஓடாததற்குப் பல இடங்களில் இதுவே காரணம். நூமெரிக்_ஒன்லி = ட்ரூ என்று சேர்த்தால் ஓடிவிடும். ஆனால் எண்ணாக இருக்க வேண்டிய நிரல் எழுத்தாகப் படிக்கப்பட்டிருந்தால் அதுவும் சேர்ந்து விலகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

எல்லா நிரலும் எழுத்தாக இருந்தால் மேக்ஸ் அகராதி வரிசையில் தேடும். அகராதியில் 9.98 என்பது 10.02க்குப் பிறகு வரும், ஏனென்றால் 9 என்ற எழுத்து 1 என்ற எழுத்துக்குப் பின்னால். ஆர் மொழியில் ஒரு டேட்டா ஃப்ரேமை அப்ளைக்குக் கொடுத்தால் அதை முதலில் அணியாக்கும். ‘இயக்குநர் பெயர்’ என்று ஒரே ஒரு எழுத்து நிரல் இருந்தால்கூட அத்தனை எண்களும் எழுத்தாகிவிடும்.

எக்செல் வேறு மாதிரி. எழுத்தாகச் சேமிக்கப்பட்ட எண்ணை மேக்ஸும் மின்னும் கண்டுகொள்ளவே மாட்டா. ஐந்தில் இரண்டு எழுத்தாக இருந்தால் மீதி மூன்றின் வீச்சு வரும். ஐந்துமே எழுத்தாக இருந்தால் 0 வரும். கட்டத்தின் இடது மூலையில் பச்சை முக்கோணம் தெரிகிறதா, எண் இடப்பக்கம் ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள்.

பாண்டாஸில் டூ_நூமெரிக் கட்டளையை எரர்ஸ்=கொயெர்ஸ் என்று கொடுத்து மாற்றலாம். மாற்றுவதற்கு முன் எத்தனை வெற்றுக் கட்டங்கள், மாற்றிய பின் எத்தனை என்று எண்ணுங்கள். கூடியிருந்தால் அந்தக் கட்டங்களைத் திறந்து பாருங்கள். 25,012 என்று புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போட்டவர் யாரோ இருப்பார்.

0.008ஆ என்று கேட்டால் இல்லை என்கிறது

பைத்தானில் 0.3 − 0.1 என்று தட்டிப் பாருங்கள். 0.19999999999999998 வரும். தசமப் பின்னங்களில் பெரும்பாலானவற்றை இரும எண்ணில் துல்லியமாக எழுத முடியாது. வீச்சை எல்லையோடு ஒப்பிடும்முன் அளந்த மைக்ரோமீட்டர் கருவியின் லீஸ்ட் கவுண்ட்டுக்கு (அது காட்டும் மிகச்சிறிய அளவுக்கு), அதாவது இங்கே மூன்று தசம இடத்துக்கு, முழுமையாக்குங்கள். நான் இன்னும் எளிய வழியை விரும்புகிறேன்: 25 மில்லிமீட்டரிலிருந்து எத்தனை மைக்ரான் விலகல் என்று முழு எண்ணாகவே சேமிப்பது. 12, 7, 15, 9, 11. வீச்சு 8. பார்க்கவும் எளிது.

மிக மெதுவாக ஓடுகிறது என்பவர்களுக்கு ஒரு வரிதான்: பாண்டாஸில் ஒவ்வொரு நிரைக்கும் லாம்டாவை அழைக்காமல் மேலே சொன்ன மேக்ஸ் − மின் கழித்தலைப் பயன்படுத்துங்கள், ஆரில் மேட்ரிக்ஸ்ஸ்டாட்ஸ் தொகுப்பின் ரோரேஞ்சஸ் (அதுவும் சிறியது, பெரியது என இரண்டைத்தான் தரும், கழித்துக்கொள்ளுங்கள்).

எல்லாம் சரி, ஆனால் சில நிரைகளின் வீச்சு சந்தேகப்படும்படி சிறியது

பாண்டாஸ் கேட்காமலே வெற்றை விலக்கும் என்று சொன்னேன் அல்லவா? அதன் விலை இங்கே தெரியும். ஐந்துக்குப் பதில் மூன்று துண்டுகளே அளக்கப்பட்ட நிரைக்கும் ஒரு வீச்சு வரும், எந்த எச்சரிக்கையும் இன்றி. ஆனால் எண்கள் குறைந்தால் வீச்சு இயல்பாகவே சுருங்கும். அளவுகள் இயல்நிலைப் பரவலில் இருந்தால், ஐந்து எண்களின் சராசரி வீச்சு திட்டவிலக்கத்தைப்போல் 2.326 மடங்கு, மூன்று எண்களுக்கு 1.693 மடங்கு. அதாவது இயந்திரத்தில் எந்த மாற்றமும் இல்லாமலே 27 விழுக்காடு குறைந்துவிடும்.

வரைபடத்தில் வீச்சு தாண்டக்கூடாத மேல் எல்லையும் மாறும். சராசரி வீச்சை ஒரு பெருக்கு எண்ணால் பெருக்கினால் கிடைப்பது அது. பெருக்கு எண் ஐந்து துண்டுக்கு 2.114, நான்குக்கு 2.282, மூன்றுக்கு 2.574. பெருக்கு எண் கூடினாலும் சராசரி வீச்சு அதைவிட அதிகம் சுருங்குவதால், குறைந்த துண்டுகளுக்கு எல்லை கீழே இறங்கும். எல்லா நிரைக்கும் ஐந்துக்குரிய எல்லையையே போட்டால், குறை நிரைகளில் இருக்கும் உண்மையான கோளாறு எல்லைக்குள் ஒளிந்துகொள்ளும். வீச்சு நிரலுக்குப் பக்கத்திலேயே அளவு.கவுண்ட்(ஆக்சிஸ்=1) என்று இன்னொரு நிரல் வையுங்கள். ஐந்துக்குக் குறைவானவற்றைத் தனியே பிரித்து, அவற்றுக்குரிய எல்லையோடு ஒப்பிடுங்கள்.

வீச்சு 0

மேலே மூன்றாம் நிரையை வேண்டுமென்றேதான் வைத்தேன். கணக்கில் பிழை இல்லை, ஐந்தும் 25.010, வீச்சு 0. ஒரு நிரை அப்படி வந்தால் தற்செயல் எனலாம். தொடர்ந்து நான்கு நிரை வந்தால்? ஆறு துண்டு வரை வீச்சு வரைபடத்தின் கீழ் எல்லையே 0 என்பதால் வரைபடம் வாய் திறக்காது. எழுத்தாகச் சேமித்த எண் இல்லை, வெற்றுக் கட்டம் இல்லை, சேமிப்பு வகை முட்டவில்லை என்று உறுதி செய்த பிறகு கணினியை மூடிவிட்டு லேத் பக்கம் போய்ப் பாருங்கள். கேஜின் முள் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது முதல் துண்டை மட்டும் அளந்துவிட்டு மீதி நான்கு கட்டத்திலும் அதையே எழுதியிருப்பார்கள்.